பாடப்புத்தகத்துல இருக்கற க்யூஆர் கோடு, பேசும் பேனா, மின்நூல்: அடிக்கடி கேக்கற கேள்விகளும் பதில்களும்

நான் ஒரு நடுநிலைப் பள்ளில டீச்சர், ஸ்கூல் கம்ப்யூட்டர் ரூமையும் நான்தான் பாத்துக்கறேன். அச்சடிச்ச பக்கத்துல இருந்து ஆடியோவுக்கும் வீடியோவுக்கும் போற இந்த வசதியப் பத்தி பேரண்ட்ஸ் மீட்டிங்ல, ஸ்டாஃப் ரூம்ல, வாட்ஸ்அப் குரூப்ல எல்லா இடத்துலயும் அதே சந்தேகம்தான் சுத்திச் சுத்தி வருது. ஒவ்வொருத்தருக்கும் தனித்தனியா டைப் பண்றதுக்கு பதிலா இங்க சேத்து வச்சிருக்கேன், கேள்விகள அவங்க கேட்ட மாதிரியே போட்டிருக்கேன். மேல ஈஸியான கேள்விகள், கீழ போகப்போக கொஞ்சம் சிக்கலானது.

டீச்சர், புள்ளையோட புக்ல அங்கங்க கறுப்பு வெள்ளைல ஒரு கட்டம் இருக்கே, அது எதுக்கு?

அதுதான் க்யூஆர் கோடு. தமிழ்நாட்டு பாடப்புத்தகங்கள்ல 2018-19ல புது பாடத்திட்டம் வந்தப்ப இது சேந்துச்சு, முதல்ல 1, 6, 9, 11 வகுப்புகளுக்கு, அடுத்த வருஷம் மத்த வகுப்புகளுக்கு. புக்கோட முன்பக்கத்துலயே "விரைவுக் குறியீட்டைப் பயன்படுத்துவோம், எப்படி?"ன்னு ஒரு சின்ன விளக்கம் போட்டிருப்பாங்க, பொருளடக்கத்துக்குப் பக்கத்துல மின்நூல், மதிப்பீடு, இணைய வளங்கள்னு மூணு வகையா குறியீடு இருக்கும். நிறைய பேர் அந்தப் பக்கத்தப் பாக்காமலே புரட்டிட்டுப் போயிடறாங்க, ஒரு தடவை உக்காந்து பாருங்க.

ஃபோன்ல அத ஸ்கேன் பண்ணா அந்தப் பாடத்துக்கான வீடியோ, விளக்கம், கேள்விகள் எல்லாம் திறக்கும். இதெல்லாம் பெரும்பாலும் திக்‌ஷாங்கற தளத்துல இருக்கு. 2017 செப்டம்பர் 5ம் தேதி தொடங்கினது, மத்திய அரசோட கல்வி அமைப்பான என்சிஇஆர்டி நடத்துது, நம்ம மாநிலம் தமிழ்நாட்டுப் புத்தகங்களுக்கான பாடங்கள அதுல ஏத்தி வச்சிருக்கு. எதுக்கும் காசு கிடையாது.

அந்தக் கட்டத்துக்குள்ளயே வீடியோ இருக்கா? அப்ப நெட் எதுக்கு?

இல்லைங்க. கட்டத்துக்குள்ள இருக்கறது ஒரு முகவரி மட்டும்தான். இந்த ஒண்ணப் புரிஞ்சுக்கிட்டா கீழ வர்ற பாதி கேள்விக்கு விடை நீங்களே சொல்லிடுவீங்க.

1994ல ஜப்பான்ல டென்சோ வேவ் கம்பெனில மசாஹிரோ ஹாரான்னு ஒருத்தர் டீமோட சேந்து இத உருவாக்கினாரு, கார் ஃபேக்டரில பார்ட்ஸ அடையாளம் வைக்கறதுக்கு. எவ்வளவு பெரிய க்யூஆர் கோடா இருந்தாலும் உச்சபட்சமா 2953 பைட்தான் கொள்ளும், அதாவது மூணு கேபிகூட இல்ல. சுமாரான தரத்துல பதிஞ்ச பேச்சே ஒரு செகண்டுக்கு 8 கேபி எடுக்கும், அப்ப அரை செகண்ட் குரல்கூட உள்ள அடங்காது. தமிழ்ல எழுதி வைக்கலாமேன்னா, ஒரு உயிர்மெய் எழுத்துக்கே பல நேரம் 6 பைட் போயிடும். அதனால முகவரிய மட்டும் உள்ள வச்சுட்டு, சத்தமும் படமும் வேற ஒரு கம்ப்யூட்டர்ல இருக்கும், அத எடுத்துட்டு வரத்தான் நெட்.

எதால ஸ்கேன் பண்றது? தனியா ஆப் போடணுமா?

ஐஃபோன்னா 2017ல வந்த ஐஓஎஸ் 11ல இருந்து கேமராவே படிச்சிடும். ஆண்ட்ராய்டுல பெரும்பாலான ஃபோன்ல கேமராவோ கூகுள் லென்ஸோ போதும். பாடப்புத்தகத்துக்கு மட்டும் நான் திக்‌ஷா ஆப் போடச் சொல்லுவேன், ஏன்னா டவுன்லோட் பண்ணி வச்சுக்கற வசதி அதுலதான் இருக்கு (அது பத்தி கீழ சொல்றேன்). ப்ளே ஸ்டோர்ல "க்யூஆர் ஸ்கேனர்"னு தேடினா விளம்பரமா கொட்டற ஆப் நிறைய வரும், அதெல்லாம் தேவையே இல்ல, போட்டிருந்தா எடுத்துடுங்க.

கேமராவ காட்டிக்கிட்டே நிக்கறேன், ஒண்ணும் ஆகமாட்டேங்குது மிஸ்

முதல்ல லென்ஸ துடைங்க. சிரிக்காதீங்க, பாதி கேஸ் இதுலயே சரியாகும், ஃபோன் பின்னாடி விரல் ரேகையும் எண்ணெய்ப் பிசுக்கும் படிஞ்சிருக்கும். அடுத்து, ரொம்ப கிட்ட கொண்டு போகாதீங்க. கோடு ரெண்டு செமீ அகலம்னா இருபது செமீ தூரத்துல பிடிச்சுப் பாருங்க, அகலத்தப் போல பத்து மடங்கு தூரம்ங்கறது ஒரு நல்ல கணக்கு. புக்க விரிச்சு தட்டையா வைங்க, நடு மடிப்புப் பக்கம் கோடு வளைஞ்சிருந்தா படிக்காது. ட்யூப்லைட் வெளிச்சம் தாள்ல பளபளன்னு அடிச்சாலும் படிக்காது, புக்க லேசா சாய்ச்சுக்கோங்க.

இதெல்லாம் பண்ணியும் வரலைன்னா அடுத்த பதிலப் பாருங்க.

தம்பி அந்தக் கட்டத்து மேல பேனாவால கிறுக்கிட்டான், புது புக் வாங்கணுமா?

வேண்டாம். க்யூஆர் கோடுல ஒரே தகவல கொஞ்சம் உபரியா சேத்து எழுதியிருப்பாங்க, அதனால ஒரு பகுதி அழிஞ்சாலும் மீதிய வச்சு கணக்குப் போட்டு முழுசையும் மீட்டுடும். இதுல நாலு அளவு இருக்கு, சுமார் 7, 15, 25, 30 சதவீதம் வரைக்கும் சேதம் தாங்கும். ஆனா மூணு மூலைல இருக்கற பெரிய சதுரங்கள் மேல கிறுக்கல் விழுந்தா கஷ்டம், கோடு எங்க இருக்கு, எந்தப் பக்கம் திரும்பி இருக்குன்னு ஃபோன் கண்டுபிடிக்கறதே அத வச்சுத்தான்.

சுத்தமாவே போச்சுன்னா, திக்‌ஷா கோடு பக்கத்துல ஆறு எழுத்து, எண் கலந்து அச்சடிச்சிருப்பாங்க பாருங்க, அத திக்‌ஷா வெப்சைட்ல டைப் பண்ணா அதே பாடம் வரும். அதுவும் இல்லையா, ஆப்ல தமிழ்நாடு, மீடியம், வகுப்பு தேர்ந்தெடுத்து புக்கோட பேரப் போட்டுத் தேடலாம்.

எங்க வீட்ல ஸ்மார்ட்ஃபோன் ஒண்ணுதான், அதையும் அவரு வேலைக்கு எடுத்துட்டுப் போயிடுவாரு, நைட்டு வர்றப்ப சார்ஜும் இருக்காது நெட்டும் இருக்காது

எனக்கு வர்றதுலயே முக்கியமான கேள்வி இதுதான், இத யோசிக்காம "ஸ்கேன் பண்ணிப் பாருங்க"ன்னு ஹோம்வொர்க் குடுக்கறது நியாயமே இல்ல. டீச்சருங்க யாராவது இதப் படிச்சீங்கன்னா தயவுசெஞ்சு வீடியோவ கிளாஸ்லயே போட்டுக் காட்டிடுங்க, வீட்ல பாக்கறது கூடுதலா இருக்கட்டும், கட்டாயமா வேண்டாம்.

வீட்டுக்கு வழி என்னன்னா, வைஃபையோ நெட்டோ இருக்கற இடத்துல திக்‌ஷா ஆப்ல அந்த வாரப் பாடங்கள டவுன்லோட் பண்ணிடுங்க, அப்புறம் நெட் இல்லாமலே ஓடும். டவுன்லோட் ஆன பாடத்த நெட் செலவில்லாம பக்கத்து வீட்டு ஃபோனுக்கும் அனுப்பலாம், அவங்க ஃபோன்லயும் திக்‌ஷா ஆப் இருக்கணும் அவ்ளோதான். டிவி இருக்கற வீட்டுக்கு கல்வித் தொலைக்காட்சி இருக்கு, 2019 ஆகஸ்ட்ல தொடங்கினது, கொரோனா சமயத்துல ஃபோன் இல்லாத புள்ளைங்களுக்கு அதுதான் வகுப்பா இருந்துச்சு. 2023ல பள்ளிக்கல்வித் துறை வெளியிட்ட மணற்கேணி ஆப்லயும் வீடியோ பாடங்கள் இருக்கு.

டேட்டா எவ்வளவு காலியாகும்?

நீங்களே கணக்குப் போட்டுக்கலாம். வீடியோ செகண்டுக்கு ஒரு மெகாபிட் வேகத்துல ஓடுதுன்னு வச்சுக்குவோம், அஞ்சு நிமிஷத்துக்கு சுமார் 37 எம்பி. அதே அஞ்சு நிமிஷம் வெறும் குரல் மட்டும்னா செகண்டுக்கு 64 கிலோபிட் வேகத்துல 2.4 எம்பிதான். பதினஞ்சு மடங்குக்கு மேல வித்தியாசம். அதனாலதான் செய்யுள், உச்சரிப்பு, கதை மாதிரி காதால கேட்டாலே போதும்ங்கற இடத்துல ஆடியோவே குடுங்கன்னு நான் எல்லார்கிட்டயும் சொல்றேன்.

ஸ்கேன் பண்ணா அக்கவுண்ட்ல இருந்து பணம் போயிடும்னு சொல்றாங்களே, நெசமா?

வெறுமனே ஸ்கேன் பண்றதால பணம் போகாது. ஸ்கேன் பண்ணதும் ஒரு முகவரி தெரியும், அதத் தொடுறதுக்கு முன்னாடி படிங்க. பாடப்புத்தகத்துல இருந்து திறக்கற பக்கம் யூபிஐ பின்னோ, ஓடிபியோ, பேங்க் விவரமோ எதுக்குமே கேக்காது, கேட்டா உடனே மூடிடுங்க. "ஸ்காலர்ஷிப் பணம் வரணும்னா ஸ்கேன் பண்ணி பின் போடுங்க"ன்னு வர்றது அத்தனையும் ஏமாத்து வேலை, நமக்கு பணம் வர்றதுக்கு பின் போடவே வேண்டியதில்ல. அச்சுல இருக்கற கோடு மேல யாராவது வேற ஸ்டிக்கர் ஒட்டியிருக்காங்களான்னும் விரலால தடவிப் பாருங்க, நூலகப் புத்தகம், செகண்ட் ஹேண்ட் புக்குன்னா கண்டிப்பா பாருங்க.

மூணு வயசுக் குழந்தைக்கு இந்த மாதிரி புக் குடுக்கலாமா?

உலக சுகாதார நிறுவனம் 2019ல சொன்னது, ஒரு வயசுக் குழந்தைக்கு ஸ்க்ரீன் வேண்டாம், ரெண்டுல இருந்து நாலு வயசு வரைக்கும் ஒரு நாளைக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல போகக்கூடாது, குறைச்சலா இருந்தா இன்னும் நல்லது. அந்த ஒரு மணி நேரத்துல டிவி, யூடியூப் எல்லாமே அடக்கம். அதனால இந்த வயசுக்கு ஸ்க்ரீன் இல்லாம, பட்டன அமுக்கினா சத்தம் மட்டும் வர்ற புக் நல்லது, கூட ஒரு பெரியவங்க உக்காந்திருக்கணும். புக்க குழந்தை கைல குடுத்துட்டு அடுப்படிக்குப் போயிட்டா குழந்தை பட்டன மட்டும் அமுக்கிக்கிட்டே இருக்கும், கதை உள்ள போகாது.

கண்காட்சில ஒரு பேனா பாத்தேன், பக்கத்தத் தொட்டா பாடுது, நெட்டும் இல்ல ஃபோனும் இல்ல, எப்படி?

அந்தப் பக்கத்த லென்ஸ் வச்சு உத்துப் பாருங்க, படங்கள் மேலயும் வெள்ளைத் தாள் மேலயும் லேசா சாம்பல் பூத்த மாதிரி ரொம்ப ரொம்பச் சின்னப் புள்ளிகள் இருக்கும். பேனா முனைல ஒரு குட்டி கேமராவும் அகச்சிவப்பு விளக்கும் இருக்கு. புள்ளிகள அகச்சிவப்ப உறிஞ்சற கறுப்பு மைல அடிச்சிருப்பாங்க, படத்தோட கலர் மை அத உறிஞ்சாது, அதனால கேமராவுக்கு படம் மறைஞ்சு புள்ளி மட்டும் தெரியும். யானை மேல இருக்கற புள்ளிகளோட அமைப்பு ஒரு எண்ணு, குதிரை மேல இருக்கறது இன்னொரு எண்ணு. அந்த எண்ணுக்கான ஒலிய பேனாவோட மெமரில இருந்து எடுத்து வாசிக்குது.

இது புதுசு இல்ல. அமெரிக்காவுல லீப்ஃப்ராக் கம்பெனி 1999ல லீப்பேடுன்னு ஒண்ணு விட்டாங்க, அதுல புக்க ஒரு பலகை மேல வச்சு பேனாவால தொடணும். 2008ல அவங்களே டேக்ங்கற புள்ளி படிக்கற பேனா கொண்டு வந்தாங்க. ஜெர்மனில ராவன்ஸ்பர்கரோட டிப்டாய் 2010ல வந்துச்சு.

அப்ப அந்தப் பேனா செட் வாங்கலாமா? விலை ஜாஸ்தியா இருக்கே

வாங்கறதுக்கு முன்னாடி நாலு விஷயம் கேளுங்க. தமிழ் ஒலி இருக்கா, இருந்தா மனுஷக் குரலா மெஷின் குரலா. புது புக் வந்தா அதோட ஒலிய பேனாவுல ஏத்திக்க முடியுமா, இல்ல புக்கோட சேத்து பேனாவும் வாங்கணுமா. பேட்டரி மாத்தற மாதிரியா, சார்ஜரா. ஒரு கம்பெனி பேனா இன்னொரு கம்பெனி புக்கப் படிக்காது, இதத் தெரிஞ்சே வாங்குங்க. பேனா தொலைஞ்சா புக் வெறும் படப்புத்தகம்தான். புக் கிழிஞ்சா ஜெராக்ஸ் போட்டு வச்சுக்கலாம்னும் நெனைக்காதீங்க, அவ்வளவு நுணுக்கமான புள்ளி ஜெராக்ஸ்ல வராது.

நாலு வயசுல இருந்து ஏழு வயசு வரைக்கும், வீட்ல ரெண்டு மூணு குழந்தைங்க இருந்தா, வாங்கினது வீண் போகாது. அதுக்கு மேல வேண்டியதில்லன்னு என் அபிப்பிராயம்.

புக் மேல ஃபோன காட்டினா டைனோசர் எந்திரிச்சு நிக்குதே, அதுவும் க்யூஆர் கோடுதானா?

இல்ல, அது பக்கத்துல இருக்கற படத்தையே அடையாளமா எடுத்துக்குது. படத்துல இருக்கற முனைகள், ஓரங்கள முன்னாடியே ஆப்ல பதிஞ்சு வச்சிருப்பாங்க, கேமரால அதே அமைப்பு தெரிஞ்சதும் அது மேல முப்பரிமாண உருவத்த நிறுத்தும். அதுக்கு அந்தக் கம்பெனியோட ஆப் ஃபோன்ல இருந்தே ஆகணும். ஆப்ப நிறுத்திட்டாங்கன்னா புக்ல வெறும் படம்தான் மிச்சம், க்யூஆர் கோடாவது எந்த ஃபோன்லயும் படிக்கும்.

மின்நூல்னு பிடிஎஃப் குடுக்கறாங்களே, அதுவும் இதுவும் ஒண்ணா?

பிடிஎஃப்ங்கறது அச்சுப் பக்கத்தோட நகல், நீங்க பெருசாக்கிப் பாக்கலாம், லிங்க் இருந்தா தொடலாம், அவ்வளவுதான். ஈபப் 3ன்னு ஒண்ணு இருக்கு, 2011ல வந்த வடிவம், அதுல ஆடியோ வீடியோவ புத்தகத்துக்குள்ளயே வைக்கலாம், குரல் படிக்கப் படிக்க அந்த வரியோ வார்த்தையோ கலர் மாறிக்கிட்டே வரும். வாசிக்கத் திணறுற புள்ளைங்களுக்கு இது ரொம்ப நல்லது, காது கேக்கற வார்த்தைய கண்ணு அதே நேரத்துல பிடிச்சிடும். ஆனா எல்லா ரீடர் ஆப்பும் இத சரியா காட்டாது, தமிழ் எழுத்து உடையாம வருதான்னும் பாத்துக்கணும்.

வீட்ல பழைய சிடி புக் இருக்கு, கம்ப்யூட்டர்ல போட்டா ஓடமாட்டேங்குது

அந்தக் காலத்துல புக்கோட பின்னட்டைல சிடி ஒட்டிக் குடுப்பாங்க, அதுல நிறைய ஃப்ளாஷ்ல செஞ்சது. அடோபி 2020 டிசம்பர் 31ஓட ஃப்ளாஷ நிறுத்திட்டாங்க. சிடில இருக்கற ஃபைல் எஸ்டபிள்யூஎஃப்னு முடிஞ்சா ரஃபிள்னு ஒரு இலவச சாஃப்ட்வேர் இருக்கு, பல ஃபைல அது ஓட்டிடும். ஓடினா உடனே ஸ்க்ரீன் ரெக்கார்ட் பண்ணி வீடியோவா சேமிச்சுடுங்க. சிடியும் நாளாக நாளாக படிக்க முடியாமப் போகும், தள்ளிப் போடாதீங்க.

வீடியோலயே எல்லாம் இருக்கே டீச்சர், அப்புறம் புக்க எதுக்கு படிக்கணும்?

எட்டாவது பையன் கேட்டது. நல்ல கேள்வி, அதனால கொஞ்சம் நீளமாவே சொல்றேன்.

இதயப் பாடத்த எடுத்துக்கோங்க. புக்ல சிவப்பு நீலக் குழாய்கள், அம்புக்குறி எல்லாம் போட்ட படம் இருக்கும். வால்வு ஒரு பக்கம் மட்டும்தான் திறக்கும்னு எழுத்துல படிச்சா புள்ளைங்க மனப்பாடம் பண்ணுவாங்க, அவ்ளோதான். எங்க கிளாஸ்ல வீடியோவ நிறுத்தி நிறுத்திப் போட்டப்ப ஒரு பொண்ணு புக்ல இருக்கற படத்து மேல விரல வச்சு, மேலறைல இருந்து கீழறைக்கு ரத்தம் எறங்கறதையும் அடுத்த நொடி வால்வு மூடறதையும் திரைய பாத்துப் பாத்து நகத்திக்கிட்டே போனா. வீடியோ முடிஞ்சப்புறம் திரைய அணைச்சுட்டு, படத்த மட்டும் வச்சு முழுச் சுத்தையும் அவளே சொன்னா. அசையறத வீடியோதான் காட்டுச்சு, ஆனா மனசுல நின்னது புக்ல இருந்த படம்.

அசையறது, ஒலிக்கறது, நேரத்தோட மாறுறது இதுக்கெல்லாம் வீடியோவும் ஆடியோவும் வேணும். நின்னு யோசிக்க, முந்தின பக்கத்தோட ஒப்பிட, அடிக்கோடு போட, பரீட்சைக்கு முந்தின நாள் புரட்ட தாள்தான். புக்ல இருக்கற பாராவ அப்படியே ஒருத்தர் கேமரா முன்னாடி நின்னு படிக்கற வீடியோ இருக்கு பாருங்க, அதால யாருக்கும் பிரயோஜனம் இல்ல, அது ஏன் இன்னும் எடுக்கறாங்கன்னு எனக்கு வருத்தமாவே இருக்கு.

அக்கா, நாங்க வெளிநாட்ல இருக்கோம், பொண்ணு தமிழ் எழுத்து படிக்கறா ஆனா உச்சரிப்பு வரல, இந்த புக் உதவுமா?

உதவும், உங்களுக்குத்தான் ரொம்ப உதவும். தமிழ்ல எழுத்து ஒண்ணு, ஒலி இடத்துக்கு இடம் மாறும். கடல், தங்கம், அகம் இந்த மூணுலயும் அதே க தான், சத்தம் மூணும் வேற. ஊர்ல வளர்ற புள்ளைக்கு இது காதுலயே இருக்கும், வெளிநாட்டுல வளர்ற புள்ளைக்கு தாள் மட்டும் இத சொல்லித் தராது. ல, ள, ழவும் அப்படித்தான்.

பிரதம் புக்ஸோட ஸ்டோரிவீவர் தளத்துல (2015ல வந்தது) தமிழ்க் கதைங்க இலவசமா, திறந்த உரிமத்தோட இருக்கு, எழுதினவங்க பேரப் போட்டு யாரும் பயன்படுத்தலாம். ஒரு கதைய பிரிண்ட் எடுங்க, ஊர்ல இருக்கற ஆச்சியயோ அப்பத்தாவயோ வாட்ஸ்அப்ல பக்கம் பக்கமா படிச்சு அனுப்பச் சொல்லுங்க, ஒவ்வொரு பக்கத்துக்கும் ஒரு கோடு ஒட்டிடுங்க. கடைல விக்கற எந்த செட்டவிட இதுல பொண்ணுக்கு ஆசை ஜாஸ்தியா வரும். எப்படி பண்றதுன்னு கீழ இருக்கு.

கண்ணு தெரியாத புள்ளைக்கு இந்தக் கோடால என்ன பயன்?

கோடு எங்க இருக்குன்னு விரலுக்குத் தெரிஞ்சா பயன் உண்டு. கோடு பக்கத்துல ஃபெவிகால்ல ஒரு புள்ளி வச்சு காயவிடுங்க, இல்ல பக்கத்தோட ஓரத்த லேசா வெட்டி விடுங்க, எல்லாப் பக்கத்துலயும் கோடு ஒரே மூலைல இருக்கட்டும். ஆண்ட்ராய்டு ஃபோன்ல திரைல இருக்கறத வாசிச்சுச் சொல்ற டாக்பேக் வசதி தமிழ்லயே பேசும்.

முழுப் புத்தகம் வேணும்னா டெய்சி வடிவ ஆடியோ புத்தகங்கள் இருக்கு, அத்தியாயம், பக்கம்னு தாவித் தாவிப் போகலாம், சாதாரண ஆடியோ ஃபைல் மாதிரி தேடிக்கிட்டே இருக்க வேண்டாம். 2016ல தொடங்கின சுகம்ய புஸ்தகாலயா ஆன்லைன் நூலகத்துல பதிஞ்சுக்கலாம். சட்டமும் நம்ம பக்கம்தான் இருக்கு, 2012ல காப்புரிமைச் சட்டத்த திருத்தி, மாற்றுத்திறனாளிகளுக்கு ஏத்த வடிவத்துல மாத்திக் குடுக்க அனுமதிச்சிருக்காங்க. பார்வையற்றோருக்கான மராக்கேஷ் ஒப்பந்தத்த 2014ல முதல் நாடா ஏத்துக்கிட்டதும் இந்தியாதான்.

ஸ்கேன் பண்ணா வேற பாடம் வருது, சில சமயம் ஒண்ணுமே இல்லன்னு வருது

ரெண்டாவது பதில்ல சொன்ன மாதிரி கோடுல முகவரிதான் இருக்கு. திக்‌ஷால அந்த ஆறு எழுத்துக் கோடுக்கு எந்தப் பாடம்னு சர்வர்ல எழுதி வச்சிருப்பாங்க. இதுல பெரிய நல்லது என்னன்னா, வீடியோல தப்பு இருந்தா புக்க திரும்ப அச்சடிக்காமலே வீடியோவ மாத்திடலாம். கெட்டது என்னன்னா, மாத்தறவங்க கவனமில்லாம இருந்தா லட்சக்கணக்கான புக்குல இருக்கற கோடு ஒரே நேரத்துல காலியாயிடும். பழைய பதிப்பு புக்கா, தமிழ் மீடியமா இங்கிலீஷ் மீடியமான்னு முதல்ல சரி பாருங்க. சரியா இருந்தும் வரலைன்னா ஆப்லயே புகார் சொல்ல வழி இருக்கு, பாடம் பேரும் ஆறு எழுத்தும் சேத்து எழுதுங்க, "வேலை செய்யல"ன்னு மட்டும் எழுதினா யாராலயும் கண்டுபிடிக்க முடியாது.

என் கிளாஸுக்கு நானே ஒரு பேசும் புத்தகம் பண்ணணும், எங்க ஆரம்பிக்கறது?

சின்னதா ஆரம்பிங்க, ஒரு பாடம் போதும். எந்த இடத்துல புள்ளைங்க வழக்கமா திணறுறாங்களோ அங்க மட்டும் ஒலி வைங்க, பக்கத்துக்குப் பக்கம் கோடு ஒட்டினா யாரும் ஸ்கேன் பண்ணமாட்டாங்க. ஃபோன்லயே பதியலாம், ஃபேன அணைச்சுட்டு, ஜன்னல மூடிட்டு, துணி தொங்கற அறைல உக்காந்தா எதிரொலி இருக்காது. ஒவ்வொண்ணும் ரெண்டு நிமிஷத்துக்குள்ள முடிங்க. முதல் வரிலயே "பக்கம் 14, ரெண்டாவது படம்"னு சொல்லிட்டு ஆரம்பிங்க, அப்பதான் கேக்கற புள்ளை புக்கத் திறந்து வச்சுக்கும்.

கோட ரெண்டு செமீக்குக் குறையாம அச்சடிங்க, வெள்ளைத் தாள்ல கறுப்பு, சுத்தி நாலு பக்கமும் வெள்ளை இடம் கண்டிப்பா இருக்கணும், அழகுக்காக பார்டர் போட்டு அத அடைச்சுடாதீங்க. கோடுக்குக் கீழ என்ன வரும்னு ஒரு வரி எழுதுங்க: "செய்யுள் ஓசை, 1 நிமிஷம்". அது தெரிஞ்சாத்தான் டேட்டா குறைவா இருக்கற வீட்ல திறக்கலாமா வேண்டாமான்னு முடிவு பண்ண முடியும். ஜெராக்ஸ் எடுக்கறதுக்கு முன்னாடி ஸ்டாஃப் ரூம்ல இருக்கறதுலயே பழைய ஃபோன்ல ஒரு தடவை ஸ்கேன் பண்ணிப் பாத்துடுங்க.

இலவசமா ஒரு சைட்ல கோடு போட்டேன், நல்லா வேலை செஞ்சுச்சு, இப்ப திடீர்னு பணம் கட்டுன்னு வருது

இது நிறைய பேருக்கு நடக்குது. கோடுல ரெண்டு வகை. ஒண்ணு நிலையானது, உங்க வீடியோவோட முகவரியே நேரா உள்ள இருக்கும், அதுக்கு காலாவதியே கிடையாது. இன்னொண்ணு டைனமிக், அதுல இருக்கறது அந்த சைட்டோட முகவரி, ஸ்கேன் பண்ணா முதல்ல அவங்ககிட்ட போய் அங்கிருந்து உங்க வீடியோவுக்குத் திருப்பி விடுவாங்க. ட்ரையல் முடிஞ்சதும் திருப்பி விடறத நிறுத்திட்டா உங்க அச்சு மொத்தமும் வீண்.

கண்டுபிடிக்க ஒரே வழி, அச்சடிக்கறதுக்கு முன்னாடி ஸ்கேன் பண்ணி, திறக்காம முகவரிய மட்டும் படிங்க. உங்க லிங்க் தெரிஞ்சா சரி, தெரியாத பேர் தெரிஞ்சா அந்த சைட்ட விடுங்க. கணக்கு தொடங்காமலே கோடு தர்ற வழி நிறைய இருக்கு, குரோம் பிரவுசர்லயே பக்கத்த ஷேர் பண்ற இடத்துல க்யூஆர் கோடு எடுக்கலாம். இதே டைனமிக் முறைய திக்‌ஷா மாதிரி பொது அமைப்பு செய்யறப்ப அது பலம், ஏன்னா அந்த சர்வர நடத்தற பொறுப்பு அவங்களோடது.

யூடியூப்ல போடறதா, கூகுள் டிரைவ்ல போடறதா?

வீடியோன்னா யூடியூப், அன்லிஸ்டட்னு வைங்க, லிங்க் இருக்கறவங்க மட்டும் பாக்கலாம், தேடினா வராது. பிரைவேட்னு வச்சுட்டா நீங்க தனியா அனுமதிச்சவங்களத் தவிர யாருக்கும் திறக்காது. ஆடியோன்னா டிரைவ் போதும், ஆனா "எனிஒன் வித் த லிங்க்"னு மாத்தணும், இல்லைன்னா புள்ளைங்க ஸ்கேன் பண்றப்ப உங்க மெயிலுக்கு பர்மிஷன் கேட்டு வரிசையா வரும். நீங்க லாகின் பண்ணாத ஃபோன்ல திறந்து பாத்தாதான் இது தெரியும், உங்க ஃபோன்ல எப்பவுமே திறந்துடும். புள்ளைங்க முகமோ பேரோ வர்ற மாதிரி எதையும் பெத்தவங்க சம்மதம் இல்லாம ஏத்தாதீங்க.

பின்னணில சினிமாப் பாட்டு போட்டா புள்ளைங்க ஆர்வமா பாப்பாங்களே?

கிளாஸுக்குள்ள பாடம் நடத்தறதுக்கு காப்புரிமைச் சட்டம் சில சலுகை குடுக்குது, நெட்ல ஏத்தறது வேற கதை, வீடியோவயே தூக்கிடுவாங்க, அச்சடிச்ச கோடு அநாதையா நிக்கும். அதுவும் இல்லாம பாட்டு ஓடறப்ப விளக்கம் காதுல ஏறாது. வேண்டாம்.

பத்து வருஷம் கழிச்சு இந்த புக்க எடுத்தா கோடு வேலை செய்யுமா?

கோடு படிக்கும், மை அழியாம இருந்தா போதும். அது காட்டற முகவரில ஏதாவது இருக்குமாங்கறதுதான் கேள்வி. கூகுள் மாதிரி பெரிய கம்பெனியே தன்னோட லிங்க் சுருக்கற சேவைல 2019லயே புது லிங்க் தர்றத நிறுத்தினாங்க. அதனால அச்சுல போற எதுலயும் சுருக்கின லிங்க் வைக்கவே கூடாது.

பதிப்பாளரா இருந்தா சொந்த டொமைன் (உங்க பேர்ல வாங்கற வெப்சைட் முகவரி) வச்சு, அதுல பக்கத்துக்கு ஒரு முகவரி குடுத்து, அங்கிருந்து யூடியூபுக்கோ வேற இடத்துக்கோ நீங்களே திருப்பி விடுங்க, வீடியோ இடம் மாறினாலும் அச்சு மாறாது, டொமைன வருஷா வருஷம் புதுப்பிக்கறது யார் பொறுப்புன்னு பேர் போட்டு எழுதி வைங்க. டீச்சரா இருந்தா எல்லா ஒலி, வீடியோ ஃபைலையும் பக்க எண்ணயே பேரா வச்சு ("பக்கம்-14-படம்-2") ஒரு பென் டிரைவ்ல போட்டு ஸ்கூல் நூலகத்துல அந்தப் புத்தகத்தோடயே வச்சிடுங்க. பெத்தவங்களா இருந்தா புள்ளைக்குப் பிடிச்ச பாடத்த மட்டும் ஃபோன்ல இருந்து கம்ப்யூட்டருக்கோ மெமரி கார்டுக்கோ மாத்தி வைங்க, ஃபோன் மாத்தறப்ப திக்‌ஷால டவுன்லோட் பண்ணது தானா புது ஃபோனுக்கு வராது, திரும்பவும் டவுன்லோட் பண்ணிக்கணும்.